ஒரு நட்சத்திரம்

பாகூர் கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருந்த அருள்தாஸ் எதையும் லேசில் புகழ்கிற ஆள் இல்லை. அவர் வாயாரப் புகழ்ந்தது தன் கேமராவை மட்டும்தான். நடுத்தர விலைதான். பெரிய கேமராவோடு கல்யாணத்துக்கு வரும் டவுன்காரர்கள் அதை ஏற இறங்கப் பார்ப்பார்கள். படம் வந்த பிறகு பார்க்கச் சொல்லுங்கள் என்று இவர் சிரிப்பார். வாங்கிய புதிதில், அதை விற்ற இணையதளத்திலேயே ஐந்து நட்சத்திரம் போட்டு, கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராது என்று எழுதியும் வைத்தார்.

போன வருஷம் படங்கள் மங்கத் தொடங்கின. லென்ஸைத் துடைத்தார், பிறகு லென்ஸையே மாற்றினார். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் மணப்பெண்ணின் இமைமுடி எல்லாம் ஒரே மைத்தீற்றலாகக் கிடந்தது. மனைவி சகாயராணியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"நல்லாத்தான இருக்குது? மூக்குத்திக் கல்லுகூட பளிச்சுன்னு தெரியுதே."

"ஒனக்கு இன்னாடி தெரியும் ஃபோகஸைப் பத்தி?"

அவள் கண்ணை அன்றைக்கே நம்பியிருக்கலாம். ஆனால் தொழில் தெரிந்தவன் என்ற நினைப்பு வந்துவிட்டால் வீட்டுக்காரி சொல்வது எங்கே காதில் ஏறுகிறது?

சர்வீஸ் சென்டரில் பழுது எதுவும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். அருள்தாஸ் கொதித்துப் போனார். ஐந்து நட்சத்திரத்தை அழித்து ஒன்று போட்டார். 'ஃபோகஸ் நிற்பதே இல்லை. ஏமாற்று வேலை. யாரும் வாங்காதீர்கள்' என்று எழுதினார். அதே கேமரா வைத்திருந்தவர்கள் வரிசையாகச் சண்டைக்கு வந்தார்கள். ஒருவன், முதலில் உங்கள் கண்ணைச் சோதித்துப் பாருங்கள் சார் என்று கிண்டலடித்தான். அவனை எழுதக் கூசும் வார்த்தையால் திட்டிவிட்டுத்தான் தூங்கப் போனார்.

அதோடு விட்டாரா? மங்கலைச் சரிசெய்கிறேன் என்று கம்ப்யூட்டரில் ஒவ்வொரு முகத்தையும் கூர்மையாக்கினார். பூரணாங்குப்பம் நாகராஜன் மகள் கல்யாண ஆல்பம் அப்படித்தான் போனது. மறுநாளே நாகராஜன் அதைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"இன்னாய்யா இது? பொண்ணு மூஞ்சிய பிளேடால கீறி வெச்சிருக்க?"

அருள்தாஸ் குனிந்து பார்த்தார். நாகராஜனுக்குக் கீறலாகப் பட்ட அந்த முகம் அவருக்கு இப்போதுதான் சுமாராகத் தெளிந்து தெரிந்தது. மங்கியது படமல்ல, தன் கண் என்பது அங்கேதான் அவருக்கு உறைத்தது.

கண் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. கவனிக்காமல் விட்ட சர்க்கரை கண்ணுக்குள் ரத்தத்தைக் கசிய விட்டிருக்கிறது, மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம், போனது போனதுதான் என்றார். பஸ்ஸில் திரும்பும்போது சகாயராணி அழுதாள். அருள்தாஸுக்கு அழக்கூட வரவில்லை. படம் எடுப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை தெரியாது. நாளைக்கு விடிந்தால் என்ன செய்வது என்பதே தெரியவில்லை.

கேமராவை விற்பதென்று முடிவானதும் விலைக்குக் கேட்டு வந்தவன் காட்டேரிக்குப்பம் அன்புராஜ். புதிதாகத் தொழிலில் இறங்குபவன். கையில் வாங்கினவன் தயங்கினான்.

"நெட்டுல ஒர்த்தர் இதுக்கு ஃபோகஸ் கோளாறுன்னு கிழிகிழின்னு கிழிச்சிருக்காரேண்ணா?"

அருள்தாஸ் ஒளிக்கவில்லை.

"கோளாறு கேமராவுல இல்லப்பா. எழுதனது நான்தான். எனக்குத்தான் கண்ணு போயிடுச்சு."

அன்புராஜ் நம்பினதாகத் தெரியவில்லை. விற்கிறவன் வேறு என்ன சொல்வான்? கேமராவைக் கண்ணில் வைத்ததும் முகம் சுளித்தான்.

"இன்னாண்ணா, எல்லாம் மசமசன்னு இருக்குது?"

அருள்தாஸ் கையை நீட்டி, கண் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்னச் சக்கரத்தைத் தடவிப் பிடித்தார். அவரவர் பார்வைக்குத் தகுந்தபடி திருப்பிக்கொள்வதற்கு அது. அவர் தன் கண்ணுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைசிவரை முறுக்கி வைத்திருந்தார். மெதுவாகப் பின்னால் திருப்பினார்.

"இப்ப?"

"வருது... வருது... போதும்ணா! சூப்பரா இருக்குது!" அன்புராஜ் வாசல் பக்கம் திரும்பி, எதிர்க்கடைப் போர்டைச் சத்தமாகப் படித்தான். பொடி எழுத்தில் இருந்த போன் நம்பரையும் விடவில்லை. அந்தச் சந்தோஷத்தில் கேமராவை அவரிடமே நீட்டினான்.

"நீங்களும் ஒரு தபா பாருங்கண்ணா. கரெக்டா இருக்குதான்னு சொல்லுங்க."

அருள்தாஸ் வாங்கிக் கண்ணில் வைத்தார். வெளுப்பாக ஒரு வெளிச்சம். நடுவில் ஏதோ ஒரு நிறம் அசைந்தது. அது மனுஷரா, வண்டியா என்று தெரியவில்லை.

"கரெக்டா இருக்குதுப்பா," என்றார்.