தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளை

எனக்கு அப்போது மூக்குக்கு மேல் கோபம் வரும். இப்போதும் வருகிறது, ஆனால் வாங்கிக் கட்டிக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. அந்த வயதில் வாரம் தவறாமல் என் கோபத்தில் மாட்டியவள் ஒரு மீன்காரி. கிள்ளைக்குக் கிழக்கே கடலோரக் குப்பத்திலிருந்து சிதம்பரத்துக்குக் கூடை தூக்கி வருபவள். ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் சர்ச்சுக்குக் கிளம்பிப் புடவைக் கொசுவத்தைச் சொருகிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து எங்கள் வாசலில் கூடையை இறக்குவாள். மீன் வாங்குவது அம்மாவின் வேலை. அவள் தேடுவதோ என்னை.

நான் கடலூரில் ஓர் அநாதைப் பிள்ளைகள் விடுதியில் டீச்சராக இருந்தேன். அறுபதுகளின் நடுவில், அரிசிக்கு அடிதடி நடந்த காலம். பள்ளிக்கூடம் போகிற வயது வராத பொடிசுகள் என் பொறுப்பு. சனிக்கிழமை சாயங்காலம் பாசஞ்சர் ரயிலில் கரித்தூளைக் கண்ணில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவேன், திங்கள் விடிந்ததும் திரும்பிவிடுவேன். நடுவில் கிடைக்கிற ஒரே ஞாயிற்றுக்கிழமையிலும் ஒருத்தி வந்து விடுதிக் கதையே கேட்டால் எரிச்சல் வருமா வராதா?

அதுவும் எல்லாப் பிள்ளைகளைப் பற்றியும் கேட்க மாட்டாள். காதோரம் மிளகளவு மச்சம் உள்ள ஒரு பெண்குழந்தை இருந்தது, நாலு வயசு தாண்டியது. மச்சக்குட்டி என்றுதான் கூப்பிடுவோம். அதற்கு இருமல் விட்டதா, ராத்திரியில் அழுகிறதா, தட்டில் போட்டதை மிச்சம் வைக்காமல் தின்கிறதா, இதுதான் அவள் கேள்வி. உனக்கு அது என்ன உறவு என்று நானும் பல தடவை கேட்டுவிட்டேன். "எனக்கென்ன டீச்சரம்மா உறவு? அந்தப் பக்கமாப் போவசொல்ல கேட்டுல நிக்கிறதப் பாத்திருக்கேன்" என்பாள். சொல்லிவிட்டு, அம்மாவின் சட்டியில் சென்னாகுன்னி என்கிற பொடி இறால் இன்னொரு கை அள்ளிப் போடுவாள். விடுதியில் ஆயா வேலைக்கு அடிபோடுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் சுவீடனிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் விடுதிக்கு வந்தார்கள். பிள்ளை இல்லாதவர்கள். அதற்கு முன்பும் கைக்குழந்தைகள் இரண்டு மூன்று அப்படிக் கப்பலேறியிருந்தன, ஆனால் கூட்டிப்போகிறவர்கள் நேரிலேயே வந்து தங்கியது அதுதான் முதல் தடவை. எங்கள் சூப்பிரண்டம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பொடிசுகளுக்கெல்லாம் தலைக்கு எண்ணெய் தடவி, பவுடர் அப்பி, வரிசையாக உட்காரவைத்தார். கடைசியில் அந்த வெள்ளைக்காரம்மாவின் மடியில் தானாகப் போய் ஏறியது மச்சக்குட்டிதான்.

அந்த அம்மாவைப் பிடிக்காமல் போயிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். சும்மா சொல்லக் கூடாது, தங்கமானவள். எங்களோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கோதுமை ரவை உப்புமாவைக் கையால் சாப்பிட்டாள். மச்சக்குட்டியை முன்னால் உட்காரவைத்து, நான் காட்டியபடி பேனுக்கு ஈர்வலி போட்டுத் தலை வாரினாள். ஒரு வாரத்தில் குழந்தை அவளை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தது. வெளிநாட்டுக்காரர்கள் பிள்ளையை அழைத்துப்போக மஞ்சக்குப்பத்தில் ஜில்லா கோர்ட்டில் கார்டியன் உத்தரவு வாங்க வேண்டும். கார்த்திகையில் விசாரணை என்று நாள் குறித்தார்கள். தாய் தகப்பன் யாரும் இல்லாத பிள்ளை, ஒரே நாளில் முடிந்துவிடும் என்றார்கள்.

விசாரணைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருந்தேன். மீன்காரி வழக்கம்போல வாயைக் கிண்டினாள். இன்றோடு இந்தத் தொல்லை ஒழியட்டும் என்று, "உன் மச்சக்குட்டி ஏரோப்ளேன் ஏறப் போறா. வெள்ளைக்காரங்க தத்து எடுக்கிறாங்க. இந்தப் புதன்கிழமை கோர்ட்டு" என்றேன்.

மடவை மீனை எடுத்த கை அப்படியே நின்றது. அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. தண்ணீர் கேட்டாள். அம்மா சொம்பில் கொண்டுவந்ததைக் குடித்துவிட்டு, "தவுட்டுக்குத்தான குடுத்தேன்" என்றாள். அதற்குப் பிறகு விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது.

அவளுக்கு முதலில் மூன்று பிள்ளைகள். மூன்றும் ஐந்து வயதைத் தாண்டவில்லை. நாலாவது மாசி மகத்தன்று பிறந்தபோது குறிகாரி ஒருத்தி, இது உன் பிள்ளையாக இருந்தால் தங்காது, தவிட்டுக்குக் கொடுத்துவிடு என்றாளாம். எங்கள் பக்கம் ரொம்பப் பேர் செய்வதுதான். பிள்ளை தங்காத வீட்டில் பிறந்ததை இன்னொருத்தி கையில் கொடுத்து, பதிலுக்கு ஒரு படி தவிடு வாங்கிக்கொள்வார்கள். அப்புறம் அது பேருக்கு அவள் பிள்ளை. எமன் வந்து தேடினாலும் இந்த வீட்டில் பிள்ளையே இல்லை என்று திரும்பிவிடுவான் என்று நம்பிக்கை. கண்டம் கழிந்ததும் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்ளலாம். சாதாரணமாகப் பக்கத்து வீட்டில்தான் கொடுப்பார்கள், பிள்ளை என்னவோ பெற்றவள் மடியிலேயே வளரும். மூன்றைப் பறிகொடுத்தவளுக்குப் பக்கத்து வீடு போதவில்லை. ரயிலேறிக் கடலூருக்கே போய், எங்கள் விடுதி வாசலில் இருந்த கிழட்டு ஆயாவிடம் பிள்ளையைக் கொடுத்து, கையோடு கொண்டுபோன தவிட்டை ஆயா கையால் திரும்ப வாங்கி வந்திருக்கிறாள். ஆயாவும் நம்ம ஊர்க்காரி, என்ன ஏது என்று கேட்காமலே புரிந்துகொண்டு செய்திருக்கிறாள். உள்ளே போய் என்ன சொன்னாளோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். நான் வேலைக்குச் சேர்வதற்குள் அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். கேட்பாரற்றுக் கிடந்த பிள்ளை என்றுதான் சூப்பிரண்டம்மா உள்பட எல்லாருக்கும் தெரியும். இவளோ விடுதி முழுக்க விஷயம் தெரியும் என்று நம்பிக்கொண்டு வீடு வீடாக மீன் விற்றிருக்கிறாள்.

எனக்கு வந்ததே கோபம். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன என்று கத்தினேன். புதன்கிழமை கோர்ட்டுக்கு வா, ஜட்ஜ் முன்னால் நின்று இது என் பிள்ளை என்று ஒரு வார்த்தை சொல், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "அத மட்டும் சொல்லக் கூடாதுங்க. மாசி மகம் வந்தாத்தான் அஞ்சு முடியுது. அதுக்கு முன்ன எம்புள்ளைன்னு எவ்வாயால சொன்னா அது போயிரும்."

"சொல்லலேன்னா சுவீடனுக்குப் போயிரும்" என்றேன்.

"அங்க உசுரோடயாவது இருக்குமில்ல?" என்று கேட்டாள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். மடவை மீனுக்குக் காசு வாங்கவும் இல்லை.

திங்கள்கிழமை காலையில் ரயில் இறங்கிய கையோடு சூப்பிரண்டம்மாவிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம், பெற்றவள் என்றால் வந்து சொல்லட்டும், நான் எதிரில் நிற்க மாட்டேன், அவளே சொல்லாததை நாம் எப்படிச் சொல்வது என்றார். நியாயம்தான். அந்த நியாயத்தைக் கேட்டுவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. கெடிலம் ஆற்றில் வெள்ளம், ரயில் எல்லாம் தாமதம் என்றார்கள். அவள் வந்தால் என்ன சொல்வாளோ என்று பயம், வராமல் போய்விட்டால் என்று அதைவிடப் பயம். மச்சக்குட்டி புது ஷூவைப் போட்டுக்கொண்டு வராந்தாவில் டக் டக்கென்று நடந்து, "நான் போவப்போறேன் டீச்சர்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது. நில்லுடி ஒரு இடத்தில் என்று அதட்டிவிட்டேன். பாவம், அது என்ன பண்ணும்?

புதன்கிழமை ஜட்ஜ் எங்களைத் தன் அறைக்குள்ளேயே கூப்பிட்டார். வயதான மனிதர். மூக்கின் ஒரு பக்கத்தில், பிள்ளை தங்காத வீட்டில் ஆண்பிள்ளைக்குச் சின்ன வயதில் குத்துவார்களே, அந்தத் துளை தூர்ந்துபோய் வடுவாகத் தெரிந்தது. வெள்ளைக்காரம்மா மடியில் மச்சக்குட்டி தூங்கி வழிந்தது. நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜட்ஜ் பேனாவைத் திறக்கும்போது சேவகன் உள்ளே வந்து, ஒரு பொம்பளை இந்த விஷயமாகத்தான் வந்திருக்கிறாள், போகச் சொன்னால் போகமாட்டேன் என்கிறாள் என்றான்.

முதல் நாளே ரயிலேறி, திருப்பாப்புலியூர் ஸ்டேஷனில் படுத்திருந்து, மழையில் நடந்தே வந்திருக்கிறாள். உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்து நின்றாள். மெழுகு சீலையில் சுற்றி மார்போடு அணைத்திருந்த மூட்டை மட்டும் நனையவில்லை. குழந்தை இருந்த பக்கம் அவள் திரும்பக்கூட இல்லை.

"இது உன் பிள்ளையா?" என்று கேட்டார் ஜட்ஜ்.

"இல்லீங்க ஐயா" என்றாள்.

பாவி, கெடுத்தாளே என்று நினைத்தேன். எழுந்திருக்கப் போன என் கையைச் சூப்பிரண்டம்மா அழுத்திப் பிடித்துக்கொண்டார். பின்னே எதற்கு வந்தாய் என்று ஜட்ஜ் கேட்டார்.

"தவுட்டத் திருப்பிக் குடுக்க வந்தேங்க."

ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்தார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு அவளையும் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். திரும்பவும் அவர் அந்தப் பழைய கேள்வியைக் கேட்கவில்லை. அவள் சொல்லக்கூடியதை மட்டும் கேட்டார். "தவிட்டுக்குக் குடுத்தது யாரு?"

"நாந்தாங்க ஐயா."

அது போதும் என்றார். கொடுத்தவள் திரும்பக் கேட்டு நிற்கும்போது உத்தரவு போட முடியாது, இவர்களுக்கு விவரமாகச் சொல்லுங்கள் என்று என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், தவிடு என்பதற்கு என்ன சொல்வதென்று திண்டாடி, குறிகாரியிலிருந்து ஆயா வரை சொல்லி முடித்தேன். அந்தச் சுவீடன்காரர் முகம் சிவந்து, இது என்ன மூடநம்பிக்கை என்று பேச ஆரம்பித்தார். அவர் மனைவி அவர் கையைத் தொட்டு நிறுத்தினாள். இப்போது திருப்பி வாங்கிக்கொள்ள இவளுக்குப் பயமாக இல்லையா, கேட்டுச் சொல்லுங்கள் என்றாள்.

கேட்டேன். "பயந்தாங்க" என்றாள் மீன்காரி. "பயத்துலதான் குடுத்தேன். இப்ப பயத்துலதான் கேக்குறேன். ராவெல்லாம் ஸ்டேஷன்ல நெனச்சுப் பாத்தேன், விட முடியல." தவிட்டை யாரிடம் கொடுக்க வேண்டும் என்றதற்கு, பிள்ளை யார் மடியில் இருக்கிறதோ அவர்கள்தான் வாங்கவேண்டும், பிள்ளையை மனசாரக் கொடுத்தால்தான் உண்டு, மாசி மகம் வரைக்கும் விடுதியிலேயே இருக்கட்டும் என்றாள்.

அதையும் சொன்னேன். அந்த அம்மா மாட்டேன் என்றால் கோர்ட்டு கொடுத்தாலும் இவள் தொட மாட்டாள், எனக்குத் தெரியும். ஆண்டவரே ஆண்டவரே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா குழந்தையின் காதோர மச்சத்தைக் கட்டைவிரலால் தடவினாள். கண்ணிலிருந்து கரகரவென்று கொட்டியது, துடைத்துக்கொள்ளவில்லை. வாங்கப் பாத்திரம் எதுவும் இல்லாததால் தன் கறுப்புத் தோல் கைப்பையைத் திறந்து, உள்ளே இருந்த சீப்பு, கைக்குட்டை எல்லாவற்றையும் கணவர் மடியில் கொட்டிவிட்டு, வெறும் பையை நீட்டினாள். மீன்காரி மூட்டையை அவிழ்த்து ஒரு பொட்டுக்கூடச் சிந்தாமல் கொட்டினாள். கும்பிட்டாள். குழந்தையைப் பார்க்காமலே வெளியே போனாள்.

அவர்கள் இருவரும் அந்த வாரமே ஊருக்குப் புறப்பட்டுவிட்டார்கள். மச்சக்குட்டி ஏங்கிப்போய்க் காய்ச்சலில் படுத்தது. எனக்கு அந்தப் பைத்தியக்கார நம்பிக்கை துளியும் கிடையாது, ஆனாலும் மாசி மகம் கழியும் வரை இந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகக் கூடாதே என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தேன். கிணற்றடிக்கு விட மாட்டேன், ஒரு தும்மல் வந்தால் டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். ஞாயிற்றுக்கிழமை மீன்காரி வந்தால் இப்போது என்னை ஒன்றுமே கேட்க மாட்டாள். நான்தான் வலியப் போய், நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்பேன்.

மாசி மகத்துக்குச் சாமி கிள்ளைக் கடலில் தீர்த்தவாரி ஆடி முடித்த மறுநாள் காலையில் அவள் விடுதி வாசலில் வந்து நின்றாள். புதுப்புடவை, கையில் பூச்சரம். நான் குழந்தையைக் கூட்டிக்கொண்டு கேட்டுக்குப் போனேன். அவள் அன்றுதான் அதை முகத்துக்கு நேராகப் பார்த்தாள். "எம்புள்ள" என்றாள். இன்னும் சத்தமாக, தெருவுக்கே கேட்கும்படி, "எம்புள்ள, எம்புள்ள" என்றாள்.

மச்சக்குட்டி பயந்துபோய் என் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டது. "யாரு டீச்சர் இது?" என்று கேட்டது. எனக்குச் சட்டென்று குழந்தை மேல்தான் கோபம் வந்தது, அப்படிக் கேட்காதேடி என்று அதட்ட வாயெடுத்தேன்.

"கேக்கட்டும் டீச்சரம்மா, அதட்டாதீங்க" என்றாள் அவள். "மத்த மூணும் கேக்கறதுக்கு இல்லியே."