கப்பலுக்குப் புறப்பட்ட துரைசானி

சென்ற வாரம் ஆவடி ஸ்டேஷனில் ஒரு காட்சி. பட்டாளத்து வெள்ளைக்கார அதிகாரியின் மனைவி ஒருத்தி, தன் சின்ன மகனை மலைப் பள்ளிக்கு ரயிலேற்றிவிட வந்திருந்தாள். குனிந்து அவன் காலரைச் சரிசெய்தாள். கை குலுக்கினாள். அவ்வளவுதான்! ரயில் மறைந்த பிறகும் நிமிர்ந்தபடியே நின்றாள்.

பக்கத்தில் இருந்த பூக்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னா கல்லு மன்சு பாரும்மா! கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி கீதா?"

எனக்கு எலன் துரைசானியின் ஞாபகம் வந்துவிட்டது.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன், போன ஜெர்மன் சண்டையின்போது நான் பூந்தமல்லியில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் டீச்சர். பள்ளியை நடத்திய பாதிரியாரின் மனைவிதான் எலன். மூத்த மகன் ராபினை ஆறு வயதில் சீமையில் படிக்க விட்டுவிட்டுத் திரும்பியிருந்தார்கள். நம் ஊர் வெயில் அவர்கள் பிள்ளைகளுக்கு ஆகாது என்று சீமைக்கு அனுப்பிவிடுவது அப்போது ஒரு வழக்கம். சீக்கிரமே போய்ப் பார்க்கலாம் என்ற நினைப்புதான்... சண்டை மூண்டது. கப்பல் போக்குவரத்து நின்றது.

இளையவள் ஆனி இங்கேயே பிறந்தவள். பக்கத்து வீட்டு பாத்திமா பீயின் இடுப்பிலேயே வளர்ந்தவள். இங்கிலீஷைவிடப் பூந்தமல்லித் தமிழ்தான் அவளுக்குச் சரளம். "டீச்சரு, மம்மி ஊட்ல இல்ல, இஸ்கூலுக்குப் போய்கீது!" என்பாள்.

எலன் எங்கள் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுப்பார். ஆனால் ஒரே ஒரு வகுப்புக்குத்தான். வருஷா வருஷம் அந்த வகுப்பும் மாறும். இரண்டாம் வகுப்பு, அப்புறம் மூன்றாம் வகுப்பு... என்னுடைய ஐந்தாம் வகுப்புக்கு வந்தபோது கேட்டேவிட்டேன்.

"சின்னப் பிள்ளைங்க உங்களத் தேடுதுங்களே அம்மா. ஏன் விட்டுட்டு வந்தீங்க?"

"என் ராபினுக்கும் இப்போது இந்த வயதுதான், டீச்சர்" என்றார், பாடம் படித்துக் கற்ற தமிழில். "இந்த வயதில் என்ன உயரம் இருப்பார்கள், எதற்குச் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டாமா?"

ராபினுக்குப் பின்னிய கம்பளிச் சட்டையைக்கூட என் வகுப்பு ரோசம்மாவின் தோளில் வைத்துத்தான் அளவு பார்ப்பார்.

ஒருவழியாகக் கப்பலில் இடம் கிடைத்தது, தாய்க்கும் ஆனிக்கும் மட்டும். அன்று முதல் எலன் நடந்தா போனார்? சந்தோஷத்தில் மிதந்தார்!

கூடவே, ஊர் ஊராக ஆளை வாரிக்கொண்டு போன அந்த இன்புளூயன்சாக் காய்ச்சலும் வந்தது. முதலில் யார் பயந்தோம்? சளி, இருமல், தானாகப் போய்விடும் என்றிருந்தோம். சேக்காட்டிலும் கோவில்பதாகையிலும் வீட்டுக்கு வீடு படுக்கை என்று சேதி வந்ததும், பாதிரியார் மருந்துப் பெட்டியோடு அங்கே போய்விட்டார். மனைவியை வழியனுப்பக்கூட அவர் இல்லை.

புறப்படும் நாள் காலை ஜட்கா வந்தது. ஓட்டியவர் பாத்திமா பீயின் கணவர் காசிம் பாய். துறைமுகம்வரை துணைக்கு நான்.

குமணன்சாவடி தாண்டியிருப்போம். என் மடியில் படுத்திருந்த ஆனியின் கை சுட்டது. நெற்றியைத் தொட்டேன் — கொதித்தது. பதறிப்போய் எலனைப் பார்த்தேன். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. வண்டிச் சட்டத்தை இறுகப் பிடித்தபடி, பட்டணத்துச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குழந்தை இருமியதைக் கேட்டு காசிம் பாய் குதிரையை நிறுத்தினார். "அம்மா, கொயந்திக்கு ஒடம்பு சரியில்ல போல கீதே. இன்னா பண்ணட்டும்? பட்டணமா, ஊடா?"

எலன் என்ன சொல்வார்? வருஷக்கணக்காகப் பார்க்காத பிள்ளை அந்தப் பக்கம். கொதிக்கிற பிள்ளை இந்தப் பக்கம்.

"திருப்புங்கள், பாய்" என்றார் எலன்.

வண்டி திரும்பியது. அவர் திரும்பவில்லை. பின்னால் விலகிப்போகும் சாலையைப் பார்த்தபடியே பூந்தமல்லிவரை வந்தார். அழவில்லை.

கப்பல் போய்விட்டது. ஆனி பிழைப்பாளா என்பதே கேள்வியாகிவிட்டது. ஊரே கதவைச் சாத்திக்கொண்டபோது பாத்திமா பீ மட்டும் கஞ்சியோடு உள்ளே நுழைந்தாள்.

"வராதே பாத்திமா, உனக்கும் ஒட்டிக்கொள்ளும்" என்று எலன் தடுத்தார்.

"ஒட்டிக்கினா ஒட்டிக்கட்டும் போங்கம்மா! எங்கொயந்தி இது!" ஆனியை வாரி மடியில் போட்டுக்கொண்டாள்.

ஆனி பிழைத்தாள். பள்ளி போர்டிங்கில் தங்கியிருந்த ரோசம்மா பிழைக்கவில்லை. குளிரில் நடுங்கியவளுக்கு எலன் அந்தக் கம்பளிச் சட்டையைத்தான் போட்டுவிட்டார். அதோடுதான் அவளை அடக்கம் செய்தோம்.

மறுபடி இடம் கிடைக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. எலன் போனார், சில காலம் கழித்துத் திரும்பி வந்தார். முதல் கேள்வியே நான் ராபினைப் பற்றித்தான் கேட்டேன்.

"துறைமுகத்தில் ஒரு நெட்டைப் பையன் தொப்பியைக் கழற்றினான். 'பயணம் சுகமாக இருந்ததா, அம்மணி?' என்றான். 'சுகம், நன்றி' என்றேன்." என்றார் எலன். "வேறு என்ன சொல்வது, டீச்சர்? அவன் மிகவும் மரியாதையான பிள்ளை."

அவர் கண்ணில் அப்போதும் ஈரமில்லை. கல் மனசா அது? கண்ணுக்கு வராத தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று நமக்கு என்ன தெரியும்?

பிறகு அவர் முகம் மலர்ந்தது. "வாரக்கணக்கில் அதே மரியாதைதான். ஒருநாள் சைக்கிளிலிருந்து விழுந்தான். முழங்காலெல்லாம் ரத்தம். 'மம்மா!' என்று கத்தினான்... என்னைத்தான்!"

மகனுக்கு முழங்கால் கிழிந்ததற்காக ஆண்டவருக்கு நன்றி சொன்ன தாயை அன்றைக்குத்தான் பார்த்தேன்.