இடது கைக்கு ஒரு லினக்ஸ்

அந்தக் கணினிப் பத்திரிகையின் அட்டையில் ஒரு கேள்வி போட்டிருந்தார்கள்: லினக்ஸ் சாதாரண வீடுகளுக்குச் சரிப்பட்டு வருமா? கேள்விக்குக் கீழேயே லினக்ஸ் உள்ள குறுந்தட்டு ஒன்றையும் ஒட்டியிருந்தார்கள். மலாக்கா டவுனில் புத்தகக் கடையில் நின்றபடியே கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இப்படி மழுப்புகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்கி வந்துவிட்டேன்.

என் கேள்வி அதைவிடச் சின்னது. இது என் அண்ணனுக்கு இடது கையாக இருக்குமா?

அண்ணன் சுங்கை ஊடாங்கில் கட்டடக் குத்தகைக்காரர் ஒருவரிடம் குழாய் வேலை செய்தார். சனி, ஞாயிறுகளில் கல்யாண விருந்துகளில் கீபோர்டு வாசிப்பார். ஒரு நாள் வேலையிடத்தில் இடது கை இரும்புக்கிடையில் சிக்கி, இரண்டு விரல்கள் மடங்காமல் போயின. வலது கை மெட்டை வாசிக்கும். அதற்கு அடியில் ஓடவேண்டிய பேஸ் சுரங்களும், சேர்த்து அழுத்தும் கார்டுகளும் இடது கையின் வேலை. அது இல்லாமல் மேடையேற அவருக்கு வெட்கம். கீபோர்டைப் போர்வையால் மூடிவிட்டார். துவைத்த துணிகளை அண்ணி அதன்மேல் மடித்து வைக்கத் தொடங்கியபோது எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் யாரைத் திட்டுவது?

நான் புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் வேலை பார்த்தேன். அங்கே கழித்துவிட்ட பழைய கணினி ஒன்று வீட்டுக்கு வந்திருந்தது. அதைக் கீபோர்டோடு கேபிளில் இணைத்தால், இடது கைப் பகுதியைக் கணினி வாசிக்கும், வலது கையை அண்ணன் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. முதலில் டவுன் கடைக்காரர் ஒருவர் இசை மென்பொருளைத் திருட்டு நகலாகப் போட்டுத் தந்தார். கூடவே வைரஸும் இலவசமாக வந்தது. பல்லவி முடிவதற்குள் கணினி படுத்துவிடும். அதனால்தான் லினக்ஸ் பக்கம் போனேன்.

லினக்ஸைக் கணினியில் ஏற்ற உட்கார்ந்தேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட அத்தனை கேள்வி கேட்கவில்லை. திரை என்ன ரகம், வன்தட்டை எப்படிப் பிரிப்பது, ஒலி அட்டையின் எண் என்ன என்று கேட்டுக்கொண்டே போனது. தப்பாகச் சொன்னால் திரையே கெட்டுப்போகலாம் என்று பயமுறுத்தவும் செய்தது. எல்லாம் முடிந்து கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் மின்னிக்கொண்டிருக்க, அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"இந்த பாராங்ல பாட்டு வருமா?"

எந்தச் சாமானும் அவருக்கு பாராங்தான். வரும் என்று சொல்லிவிட்டேன். வாரக்கணக்கில் வரவில்லை. அட்டையைக் கழற்றுவேன், மாட்டுவேன், எண்ணை மாற்றிப் போடுவேன். ஆனால் அலுக்கவில்லை. எது ஏன் நடக்கவில்லை என்பதை அது ஒளிக்காமல் முகத்துக்கு நேரே சொல்லிவிடும். அந்தக் குணம் எனக்குப் பிடித்துப்போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, போர்வைக்கு அடியிலிருந்து ஒரே ஒரு சுரம் வந்தது. அண்ணன் சோற்றுக் கையோடு ஓடி வந்தார். அண்ணி துணிகளை எடுத்து நாற்காலியில் போட்டார்.

எந்தச் சுரம், எவ்வளவு நீளம் என்று வரிவரியாகத் தட்டிக் கொடுத்தால் அதை இசையாக மாற்றித்தரும் சின்ன மென்பொருள் ஒன்று குறுந்தட்டில் இருந்தது. ரசத்துக்குப் பக்குவம் சொல்வதுபோல அண்ணன் வாயால் இடது கையைச் சொல்லச் சொல்ல, நான் தட்டினேன். ஒரு பாட்டுக்கே பல சாயங்காலங்கள் ஆகும். அண்ணன் முன்பு வாசித்த குழுவினர் வந்து கேட்டுப் பார்த்தார்கள். விஜயதசமி மாலை பெம்பான் கோயிலில் சில பாட்டுகளுக்கு உட்காரச் சொன்னார்கள். சரியாக வந்தால் பழைய இடம், இல்லாவிட்டால் இல்லை.

அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. கடைசிப் பாட்டைத் தட்டி முடித்து, சேமித்த கையோடு குளிக்க எழுந்தேன். அண்ணி ஸ்பேனர், தையல் மெஷின், மோட்டார் சைக்கிள் சாவி, கீபோர்டு எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து முடித்திருந்தார். கணினிக்கும் வைத்தார். கும்பிடும்போது ஆயுதம் உறுமிக்கொண்டிருக்கலாமா? நான் துண்டை எடுப்பதற்குள் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டிவிட்டார்.

லினக்ஸை அப்படி அணைக்கக் கூடாது. சேமித்ததை அது உடனே வன்தட்டில் எழுதாது, கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருக்கும். முறையாக விடைபெறாவிட்டால் எல்லாம் குழம்பிவிடும். என்ன ஆனது என்று பார்க்கவும் வழியில்லை. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது. கூடாது என்று அண்ணன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். சர்க்கரைப் பொங்கலை நான் அப்படியே தள்ளிவைத்தேன். அண்ணிமேல் அவ்வளவு கோபம்.

காலையில் கற்பூரம் காட்டிவிட்டுக் கணினியைப் போட்டோம். ஆங்கிலம் சரசரவென்று ஓடி நின்றது. இங்கே ஒன்று உடைந்திருக்கிறது, சரிசெய்யவா என்று கேட்டது. இன்னொன்று, சரிசெய்யவா? ஆமாம் என்றால் இருப்பதும் அழிந்துவிடுமோ என்று நான் எதையும் தட்டவில்லை. என்ன கேட்கிறது என்றார் அண்ணி. சொன்னேன்.

"சரிபண்ணவான்னுதான கேக்குது? ஆமான்னு சொல்ல வேண்டியதுதான்லா."

என்னைத் தள்ளிவிட்டு அவரே உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் ஆமாம் போட்டார். பாட்டுகள் பேர் போய், பேருக்குப் பதில் வெறும் எண்களோடு திரும்பி வந்தன. ஒவ்வொன்றாக ஓடவிட்டு அண்ணன் அடையாளம் சொன்னார். கடைசியாகத் தட்டியது மட்டும் பாதியோடு அறுந்திருந்தது. பத்திரிகைக்காரருக்கு நான் பதில் எழுதியிருந்தால், எங்கள் அண்ணியைக் கேளுங்கள் என்றுதான் எழுதியிருப்பேன். அவர் இருக்கும் வீட்டுக்கு லினக்ஸ் இன்னும் தயாராகவில்லை. ஆனால் லினக்ஸுக்கு அவர் தயார்.

கணினியைப் போர்வையில் சுற்றி வேனில் பெம்பானுக்குக் கொண்டுபோனோம். கோயில் மண்டபத்தில் அது ஒரு இடத்திலும் பிசகவில்லை. அண்ணனின் வலது கை பழையபடி ஓடியது. பிறகு, அறுந்த பாட்டையும் போடச் சொன்னார். பாதியில் நின்றுவிடும் என்றேன். தெரியும் என்றார்.

சரணத்தில் நின்றது. மெட்டு மட்டும் ஒல்லியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது அண்ணன் மடியிலிருந்த இடது கையைத் தூக்கிக் கட்டைகள்மேல் வைத்தார். மூன்று விரல்கள்தான் வேலை செய்தன. கார்டில் ஒரு சுரம் குறைந்தது, ஆனால் தாளம் தப்பவில்லை. டோலக் வாசித்தவர் திரும்பிப் பார்த்து, சத்தத்தைக் குறைத்து வழிவிட்டார். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதோம்.

அடுத்த நாள், மிச்சத்தையும் தட்டிவிடலாம், சொல்லுங்கள் என்று அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் கீபோர்டு முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்.

"அத அப்படியே விட்டுரும்மா," என்றார். "அங்கேருந்து நான் பாத்துக்கிறேன்."