எண்பத்தாறு மைல் பந்து

எங்கள் பேஸ்பால் அணிக்கு ஊரும் சிறியது, வருமானமும் சிறியது. நாங்கள் வளர்த்துவிட்டவனைப் பெரிய நகரத்து அணி கொத்திக்கொண்டு போவது வழக்கம். அந்தக் குளிர்காலம் எங்கள் முதன்மைப் பந்து வீச்சாளனே போய்விட்டான். அவன் ஒருவனுடைய புதுச் சம்பளத்தில் எங்கள் அணியில் பாதிப்பேரை வைத்துக்கொள்ளலாம்.

மாற்று ஆள் தேடிப் புறப்பட்டவள், ஊர் ஊராகப் போய் எங்கள் அணிக்கு ஆட்டக்காரர்களைக் கண்டுபிடிக்கும் ஆர்லீன் வோசிக்கா. ஐம்பத்தாறு வயது, இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை. கல்லூரி நாட்களில் சாஃப்ட்பால் ஆட்டத்தில் கேட்சர், அதாவது வீசும் பந்தைக் குந்தியிருந்து பிடிப்பவள். அவளுக்குக் கார் ஓட்டுவது நான்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிறு, நெப்ராஸ்காவில் ஓர் உள்ளூர் ஆட்டம். வீசியவன் கோரி லுண்ட், கூரை வேலை செய்பவன். ஏற்கெனவே இரண்டு அணிகள் அவனைக் கழற்றிவிட்டிருந்தன. வேகம் மணிக்கு எண்பத்தாறு மைல்தான்; பெரிய அணிகளில் வீசுகிறவர்கள் தொண்ணூறைத் தாண்டுவார்கள். ஆள் தேடி வந்திருந்த மற்ற அணிக்காரர்கள் பாதியிலேயே கிளம்பிவிட்டார்கள். ஆர்லீன் கோரியைப் பார்க்கவில்லை. பந்தைப் பிடிக்கத் திணறிய கேட்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் முடிந்ததும் கையுறையை இரவல் வாங்கிக் குந்தி உட்கார்ந்தாள்.

"மேடம், அடிபட்டுடும்!" என்றான் கோரி.

"பட்டா எனக்குத்தானே? நீ போடு."

முதல் பந்து கடைசி நொடியில் மடிந்து விழுந்து அவள் முழங்கைக்கடியில் ஓடியது. இரண்டாவதும் அப்படியே. அவள் சிரித்தே விட்டாள்.

எங்கள் அணி மேலாளர் காரெட்டை அங்கிருந்தே போனில் அழைத்தாள்.

"எண்பத்தாறா? எங்கம்மா அதைவிட வேகமா எறிவாங்க!"

"அப்ப அம்மாவையும் கூட்டிட்டு வாங்க, பிடிச்சுப் பாக்கறேன். இவன் பந்தை என்னாலயே பிடிக்க முடியலைங்க. எவன் அடிப்பான்?"

காரெட் முனகிக்கொண்டே, குறைந்தபட்சச் சம்பளத்துக்குச் சம்மதித்தார்.

ஓராண்டு கீழ்நிலை அணிகளில் தேறி, மறு செப்டம்பர் கோரி பெரிய நகரத்து அணிக்கு எதிராக இறங்கினான். எதிரே எங்கள் பழைய பந்து வீச்சாளன். ஒன்பது சுற்று ஆட்டத்தில் கோரி வீசிய ஏழு சுற்றுகளிலும் அவர்களால் ஓர் ஓட்டம்கூட எடுக்க முடியவில்லை. கோடிகளில் சம்பளம் வாங்குகிறவர்கள் பந்தைத் தூக்கி அடிக்க முடியாமல் தரையில் தட்டித் தட்டி வெளியேறினார்கள். கடைசி இரண்டு சுற்றுகளை வேறொருவன் வீசிக் காத்தான். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று வென்றோம். ஊரே எழுந்து நின்றது.

காரெட் பார்வையாளர் வரிசைக்குப் படியேறி வந்து ஆர்லீன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மூணு நாலு வருஷத்துல இவனையும் தூக்கிட்டுப் போயிடுவாங்க ஆர்லீன்."

"போகட்டுமே. கூரை மேல நின்னவனை அவங்க கோடி கொட்டி வாங்கினா, அது யாரு கண்ணுக்குப் பெருமை?"

சொல்லிவிட்டுக் கணவனுக்குப் போன் போட்டாள். "லென், பாத்தியா? ஏழு சுற்று!" என்று அவள் கத்தியதில் முன்வரிசையே திரும்பிப் பார்த்தது.