நாங்கள் லிஃப்டை மறித்த காலை

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம். இத்தாலியின் பலெர்மோவில், துறைமுகத்துக்குப் போகும் வழியில் இருந்த பழைய கட்டடமொன்றின் ஐந்தாம் மாடியில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தேன். அந்தக் கோடையில் குழாயில் ஒழுங்காகத் தண்ணீர் வரவில்லை. குடிக்கிற தண்ணீரைப் போத்தல் போத்தலாகச் சுமந்து ஏற வேண்டும். லிஃப்ட் இருந்தது. ஆனால் அதன் கதவில், வேலைக்காரர்கள் படிகளால் போக வேண்டும் என்று அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். என் எஜமானி சிஞ்ஞோராவின் நாய்க்கு அந்தத் தடை இல்லை.

ஒருநாள் நான் உடுப்புகளை அயர்ன் பண்ணும்போது, தொலைக்காட்சியில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் பற்றிய படம் ஓடியது. வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த சாப்பாட்டுக் கடையில் கறுப்பின மாணவர்கள் போய்க் கதிரைகளில் உட்காருகிறார்கள். வெள்ளையர்கள் அவர்கள் தலையில் சீனியைக் கொட்டுகிறார்கள், இழுத்து விழுத்துகிறார்கள். மாணவர்கள் எழும்பி அதே கதிரையில் திரும்ப உட்காருகிறார்கள். சிஞ்ஞோரா கண்ணைத் துடைத்து, "என்ன அநியாயம்!" என்றார். அரை மணித்தியாலம் கழித்து என்னைத் தண்ணீர் வாங்க அனுப்பியவர், "வரும்போது படியால் வா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதே கட்டடத்தில் இன்னும் இரண்டு தமிழ்ப் பெண்கள் வேலை செய்தார்கள். ஒருவர் மன்னார் அக்கா. மற்றவள் யாழ்ப்பாணத்தில் என் பக்கத்து ஊர்; வந்து மூன்று மாதம். ஒளித்து ஏறினால் களவு, எல்லோரும் பார்க்க ஏறுவோம் என்று அவர்களிடம் சொன்னது நான்தான்.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு மூவரும் போத்தல்களோடு லிஃப்டுக்குள் போனோம். கதவைத் திறந்தபடி பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டோம். கதவு மூடாவிட்டால் லிஃப்ட் அசையாது. மேலே போகிறவர்கள் எங்களைத் திட்டிக்கொண்டு படியேறினார்கள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. காவல்காரர் பொலிஸைக் கூப்பிடுவேன் என்று கத்தினார். கூப்பிடு என்றேன். உள்ளுக்குள் நடுக்கம். அடுத்த மாதம் என் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க வேண்டும். சிஞ்ஞோரா கையெழுத்துப் போடாவிட்டால் வதிவிட அனுமதியும் இல்லை, வேலையும் இல்லை.

ஒன்பது மணிபோல, பக்கத்து ஊர்க்காரி பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தாள். மூடியில் தேநீர் ஊற்றி மன்னார் அக்காவிடம் கொடுத்தாள். அவர் குடித்து முடித்ததும், திரும்ப ஊற்றி என்னிடம் நீட்டினாள்.

"எனக்கு வேண்டாம். இண்டைக்கு விரதம்" என்றேன்.

"விரதத்துக்குத் தேத்தண்ணி குடிக்கலாம்தானே அக்கா?"

அவளைச் சந்தித்த முதல் நாளே, ஊரில் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி என்று எங்கள் ஆட்கள் கேட்கிற மாதிரிக் கேட்டு, சாதியை அறிந்து வைத்திருந்தேன். அதிலிருந்து அவள் கையால் ஒன்றும் வாங்கிக் குடித்ததில்லை. ஒவ்வொரு முறையும் இப்படி ஒரு சாட்டு.

அவள் எழும்பினாள். "மூண்டு மாசமாப் பாக்கிறன். இந்த நோட்டீஸ் ஒட்டினவைக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? நீங்கள் இருங்கோ. நான் படியாலை போறன்."

மன்னார் அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கூசிப்போனேன். முதல்நாள் சிஞ்ஞோராவை மனதுக்குள் எவ்வளவு திட்டியிருப்பேன்! பக்கத்து ஊர்க்காரியின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"பிழை என்னிலைதான். போகாதை. இரு" என்று சொல்லி, மூடியை வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன். நாக்கு வெந்தது.

அவள் சிரிக்கவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் போகாமல் என் பக்கத்தில் இருந்தாள். அதன் பிறகு என் நடுக்கம் நின்றுவிட்டது.

கடைசியில் சிஞ்ஞோரா ஐந்து மாடியும் இறங்கி, மூச்சு வாங்க வந்து நின்றார். "நேற்று தொலைக்காட்சியைப் பார்த்து அழுதீர்களே, எங்களைப் பார்த்தால் அழுகை வராதா?" என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் கேட்டேன். அவர் முகம் சிவந்தது. பிறகு லிஃப்டுக்குள் வந்தார். நாங்கள் எழும்பி இடம் விட்டோம். காவல்காரர் பார்த்துக்கொண்டிருக்க, நால்வரும் நெருக்கியடித்து மேலே போனோம். அந்த அறிவித்தல் பிறகும் பல நாள் கதவில் இருந்தது. நாங்கள் ஒருநாளும் அதை மதிக்கவில்லை. பெர்மெஸ்ஸோவுக்குக் கையெழுத்தும் கிடைத்தது.

இன்றும் அநியாயத்தைக் கண்டால் சத்தம் போடத்தான் செய்கிறேன். ஆனால் அதற்கு முன், அதே அநியாயத்தை நான் யாருக்குச் செய்துகொண்டிருக்கிறேன் என்று என்னை ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.