பதினான்கு புள்ளி இரண்டு

நான் கார் எலக்ட்ரீஷியன். இருபத்திரண்டு வருடமாக மீட்டரும் கையுமாக இருப்பவன். அதனால் நான் பார்த்த எண்களையும் நேரத்தையும் மட்டும் எழுதுகிறேன். கதை கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். இது கதையாக இருந்தால் உங்களைவிட எனக்குத்தான் நிம்மதி.

பழைய கார்களுக்குப் பெயின்ட் அடித்து விற்கும் புரோக்கர் ஒருவர், நீலக் கார் ஒன்றை இழுத்து வந்தார்.

"ராத்திரி நிறுத்தினா காலையில பேட்டரி காலி. நாளைக்கு ஒருத்தர் குடும்பத்தோட வந்து எடுத்துட்டுப் போறாரு. இன்னிக்கே பாத்துக் குடு."

"எலி கிலி வயரைக் கடிச்சிருக்கா?"

"இருந்தா அதையும் சேத்து வித்துடுவேன்யா!"

நிறுத்திய காரும் கொஞ்சம் கரண்ட் குடிக்கும். எவ்வளவு என்று பார்ப்பது சுலபம். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, இடையில் மீட்டரைக் கோர்க்க வேண்டும். பிறகு அரை மணி நேரம் காரைத் தொடக்கூடாது. அது தூங்க வேண்டும். ஐம்பது மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பழுதில்லை.

மாலை 5:00. மீட்டரைக் கோர்த்தேன்.

5:35. இருபத்தொரு மில்லி ஆம்பியர். நல்ல பிள்ளையாகத் தூங்கியது.

6:05. ஒன்பது ஆம்பியர்.

இரண்டு ஹெட்லைட்டும் எரிந்தால்தான் அவ்வளவு இழுக்கும். எட்டிப் பார்த்தேன். எந்த விளக்கும் எரியவில்லை. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். குற்றவாளி ஃபியூஸ் வெளியே வந்ததும் எண் சரசரவென்று இறங்கும். இறங்கவில்லை. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டேன்.

அப்போதும் ஒன்பது.

இரண்டு வயரையும் கழற்றி, பேட்டரியைத் தூக்கிப் பலகைமேல் வைத்தேன். அதுவரை மறைந்திருந்த பக்கத்தில் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தது:

12.6 – 14.2.

என் கையெழுத்து.

புது பேட்டரி போட்டால் அப்படி எழுதுவது என் வழக்கம். முதல் எண், சும்மா இருக்கும்போது பேட்டரியின் வோல்ட். இரண்டாவது, எஞ்சின் ஓடும்போது. ஆல்டர்னேட்டர், நாங்கள் டைனமோ என்போமே, அது சார்ஜ் ஏற்றுகிறது என்பதற்கு அந்த இரண்டாவது எண்தான் சாட்சி. டைனமோ செத்திருந்தாலும் புது பேட்டரியில் கார் ஜம்மென்று கிளம்பும். ஒன்றரை மணி நேரம் ஓடும். எச்சரிக்கை விளக்கின் பல்பும் போயிருந்தால், நிற்கும்வரை ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது.

நினைவு வந்தது. ஏழு மாதம் முன்பு. வெள்ளைக் கார். மழை இருட்டிக்கொண்டு வந்தது. "அண்ணா, கொஞ்சம் சீக்கிரம்..." என்று நின்ற ஒரு டீச்சர். எஞ்சின் கிளம்பும் முன்பே, கைப் பழக்கத்தில், 14.2 என்று எழுதிவிட்டேன்.

என் மனைவியின் தம்பி பக்கத்தில் இருந்தான்.

"மாமா, சார்ஜிங் பாத்தீங்களா?"

"எனக்கே பாடம் எடுக்கிறியா? எல்லாம் பாத்தாச்சு, போடா."

பார்க்கவில்லை.

பேட்டரியில் மீட்டரை வைத்தேன். 6:31. பன்னிரண்டு புள்ளி ஒன்று.

6:40. பதினொன்று புள்ளி இரண்டு.

எந்த வயரும் இல்லை. பலகைமேல் தனியாக இருக்கிறது. ஆனால் இறங்குகிறது...

காரைப் பார்த்தேன். முன் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. மழையில் ஆள் உட்கார்ந்திருந்தால் படியுமே, அப்படி. வெளியே மழையே இல்லை.

6:49. ஒன்பது புள்ளி எட்டு.

6:52.

டிக்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பேட்டரி செத்த காரில் சாவியைத் திருப்பினால் வருவது.

சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

டிக்... டிக்...

ஏழு தடவை.

பிறகு இல்லை.

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியாது. காலையில் அதே பேட்டரியில் மீட்டரை வைத்தேன். 12.6. கிண்டல் செய்வதுபோல.

புரோக்கர் வந்ததும் கேட்டேன்.

"இது யாரு வண்டி?"

"கேக்காதய்யா, வியாபாரம் கெட்டுடும். ஒரு டீச்சரம்மாவோடது. வெள்ளையா இருந்துச்சு. மழையில ரயில்வே கேட்டுல, தண்டவாளத்து மேலயே நின்னுடுச்சு. ரயில் பின்பக்கம்தான் இடிச்சுது, ஆனா அந்தம்மா தப்பிக்கல. டைனமோ அவுட்டு. நான்தான் புதுசு போட்டேன்."

"எத்தனை மணிக்கு?"

"ஏழு அடிக்கப் போகுதாம். ஏழுக்கு எட்டு நிமிஷம் இருந்துச்சுன்னு கேட்கீப்பர் சொன்னாரு."

"இறங்கி ஓடியிருக்கலாமே..."

"அவரும் அதைத்தான் கத்தியிருக்காரு. கண்ணாடியை இறக்கி, 'புது பேட்டரிங்க, இப்பதான் போட்டேன், அவரு எல்லாம் பாத்து எழுதியே குடுத்திருக்காரு, கெளம்பிடும்'னு சொல்லிச் சொல்லியே சாவியைத் திருப்பினாங்களாம். அந்த மனுஷன் இன்னும் தூக்கத்துல எண்ணுறாராம். ஏழு தடவை."