பூமியின் காந்தம் கெட்டுப்போன பகல்

நாற்பத்தெட்டு வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு, பூமியின் காந்தம் மொத்தமாகக் கெட்டுப்போய்விட்டது என்று நான் மனதார நம்பினேன். அந்தச் செய்தி உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும் என்றும் நம்பினேன். குடித்திருக்கவில்லை. காலையில் நாலு இட்லி சாப்பிட்டிருந்தேன், அவ்வளவுதான்.

என் பிழைப்பு அப்படிப்பட்டது. சூரியன் சீறும்போது பூமியின் காந்தப்புலம் கொஞ்சம் தளர்ந்துபோகும். அதைக் காந்தப் புயல் என்கிறார்கள். எவ்வளவு தளர்ந்தது என்று மணிக்கு ஓர் எண் வீதம், பல வருஷமாக எழுதி இணையத்தில் சேர்த்துவைத்திருக்கிறார்கள். பைத்தானில் ஒரு நிரல் எழுதி, அந்தக் கிடங்கிலிருந்து எண்களை மாதம் மாதமாக இறக்கி, சுத்தம் செய்து ஓர் ஆராய்ச்சியாளருக்கு அனுப்புவதுதான் வேலை. அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. கடிதத்தில் 'நன்றி' என்று ஒரு வரி எழுதுவார். சில மாதம் அதுவும் வராது.

மகளின் படிப்புக்காக மனைவியும் மகளும் சென்னைக்குப் போய்விட்டார்கள். லைட்ஹவுஸ் குப்பத்தில் இந்த வீட்டில் நானும் ஒரு மடிக்கணினியும்தான். நான் ஒன்று கேட்டால் பதில் சொல்வது அது மட்டுமே. அதுவும் பாதி நேரம் பிழை என்றுதான் சொல்லும். நாள் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, சாயங்காலம் கடையில் பால் கேட்டால் தொண்டை கரகரக்கும்.

விதிவிலக்கு என் மனைவியின் தம்பி. சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருக்கிறார். விடியுமுன் போவார், பன்னிரண்டு மணி வாக்கில் கரைக்கு வருவார். வீட்டுக்குப் போகும் வழியில் என் வாசலில் நின்று, ஒரு கவரில் மீனைக் கொடுத்து, டீ குடித்து, என் கணினியை நாலு வார்த்தை கிண்டலடித்துவிட்டுப் போவார். எனக்கு அன்றைய பேச்சு அத்துடன் முடிந்தது. ஒரு நாள் அவர் வரவில்லையென்றால் அந்த நாளில் நான் யாருடனும் பேசவில்லை என்று பொருள்.

இத்தனைக்கும் அவருக்கு நான் செய்த ஒரே உதவி, கையடக்க ஜிபிஎஸ் ஒன்றை வாங்கிக் கொடுத்தது. "இனிமே கரையைப் பார்த்து அடையாளம் வைக்காத மாப்ள, இத நம்பு" என்று படித்தவன் தோரணையில் சொல்லியும் இருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, பழைய மாதங்களை முடித்துவிட்டு, சும்மா இருக்காமல், நடப்பு மாதத்தையும் இறக்கினேன். எண்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. நாலு நாலு எழுத்தாக எண்ணி வெட்ட வேண்டும். வெட்டி, நம் ஊர் நேரத்துக்கு மாற்றி, அன்றைய நாளை மட்டும் வரைபடமாகப் போட்டேன். காலைக் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. பத்தரைக்கு மேல் செங்குத்தாக எழுந்து உச்சியில் நின்றுவிட்டது. எண்ணைப் பார்த்தேன்: ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. சில நூறு வந்தாலே பெரும்புயல். போதாக்குறைக்கு, புயலென்றால் எண் பூஜ்யத்துக்குக் கீழே இறங்க வேண்டும், இது மேலே ஏறியிருந்தது. அதை யோசித்தேனா? பீதிக்கு மேல் கீழ் தெரியாது.

புயலில் ஜிபிஎஸ் தடுமாறும் என்று படித்திருக்கிறேன். மாப்பிள்ளை கடலில் இருக்கிறார். கையில் நான் கொடுத்த கருவி. கணினியைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினேன்.

அவர் மனைவி மணலில் வலையை விரித்து அதன்மேல் காரப்பொடி மீனைக் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாண்ணா, பனியனோட ஓடியாற? வூட்ல பாம்பா?"

"மாப்ள எங்கம்மா? மேல காந்தம் கெட்டுப்போச்சி. ஜிபிஎஸ் தப்பா காட்டும்."

"நீ குடுத்தியே, அந்த மிஷினா? அது பீரோவுல கீது."

"பீரோவுலயா?"

"பின்ன? அதுல எடத்த குறிச்சி வெச்சா கூட வர்ற ஆளு பாத்துக்குவான், நாளைக்கு வேற படகுக்குப் பூடுவான், நம்ம மீன் எடமும் அவன் கூடவே பூடும்னு எடுத்துனே போறதில்ல. லைட்ஹவுஸையும் தண்ணி டேங்கையும் பாத்துக்கினுதான் போறாரு. உன்கிட்ட சொல்லாதன்னாரு, மனசு கஷ்டப்படுமாம்."

மானம் போனது. ஆனாலும் காந்தம் என்னவோ கெட்டதுதானே என்று கணினியைத் திருப்பிக் காட்டினேன். வெயிலைக் கையால் மறைத்துப் பார்த்தாள். பத்தாவது வரை படித்தவள். வரைபடத்தின் அடியில் மணி எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"இது இன்னா, எட்டரைன்னு?"

"ராத்திரி எட்டரை."

"நேத்தா?"

"இன்னிக்குத்தான்."

அவள் சூரியனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ராத்திரியே இன்னும் வரலியேண்ணா. அதுக்குள்ள எவன் போய் அளந்துட்டு வந்தான்?"

பக்கத்தில் மீன் புரட்டிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பு சமுத்திரம் வரை கேட்டிருக்கும். இன்னும் வராத மணி நேரங்களுக்கு நாலு ஒன்பதைப் போட்டு இடம் பிடித்துவைத்திருக்கிறார்கள். குறிப்புப் பக்கத்தில் இருக்கும் செய்திதான். அந்தப் பக்கத்தை நான் திறந்ததே இல்லை. நானும் சேர்ந்து சிரித்தேன். நிறைய பேரோடு சேர்ந்து சிரித்து எவ்வளவு நாளாகிறது என்று சிரிக்கும்போதே தோன்றியது.

ஆனால் பன்னிரண்டரை ஆனது. மற்ற படகுகள் கரையேறிவிட்டன. ஒரு மணி ஆனது. அவள் கிண்டலை நிறுத்திவிட்டு போனில் கூப்பிட்டாள். எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி கூப்பிட்டாள். பிறகு காய்ந்த மீனையே திரும்பத் திரும்பப் புரட்டினாள்.

புயல் இருந்த வரைக்கும் பயத்துக்கு ஒரு காரணமாவது இருந்தது. இப்போது வானம் சரியாக இருந்தது, கடலும் சரியாக இருந்தது, படகு மட்டும் இல்லை. அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன். சென்னைக்குப் போன் போடலாமென்று எடுத்து, என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டேன். கணினி சார்ஜ் தீர்ந்து அணைந்தது. அந்த மனிதர் வரவில்லையென்றால் நாளைக்கு யாருக்கு டீ போடுவேன் என்று யோசித்தேன். அவள் புருஷனைப் பற்றி அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, என் டீயைப் பற்றி யோசித்தேன். அதை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.

இரண்டே முக்காலுக்கு மாப்பிள்ளையும் கூடப் போன ஆளும் வந்தார்கள். யாரோ அறுத்துவிட்ட பழைய வலை புரொப்பல்லரில் சுற்றிக்கொண்டதாம். கடலில் நிறுத்தி, மாற்றி மாற்றி இறங்கி, கத்தியால் அறுத்து எடுக்க இரண்டு மணி நேரம் ஆகியிருக்கிறது. அன்றைக்கு நடந்தது இவ்வளவுதான். காந்தப் புயல் எதுவும் இல்லை.